குச்சி பொய் சொல்லாது

வாங்க தம்பி, வாங்க. உங்க கம்பெனிக்கு இன்னிக்காச்சும் எங்க ஊருக்கு வழி தெரிஞ்சுச்சே. மூணு வாரம்! மூணு வாரமா போன் போட்டுப் போட்டு என் வெரல் தேஞ்சதுதான் மிச்சம். போன எடுக்கிற புள்ள என்னமோ அரமணையில வேல பாக்குற மாதிரி, "பதிவு பண்ணிட்டோம் மேடம், பதிவு பண்ணிட்டோம் மேடம்"ங்குது. பதிவு பண்ணிட்டா மிஷின் ஓடிருமா? சரி, உங்களப் புடிச்சு ஏசி என்ன ஆகப் போகுது, நீங்க சம்பளத்துக்கு வந்த ஆளு. பஸ்ஸுலயா வந்தீங்க? அதான் மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. இந்தாங்க, எலுமிச்சம்பழம். மோந்துக்கிட்டே இருங்க, தல சுத்து நிக்கும். கீழருந்து எங்க மேல்மலைக்கு வர்றவுகளுக்கெல்லாம் மொத மரியாதை எலுமிச்சம்பழந்தான்.

அய்யய்யோ, அந்த நாற்காலியில உக்காந்துராதீங்க! சாஞ்சிரும். இருங்க, காலுக்குக் கட்டைய வச்சுத் தர்றேன். ஆங், இப்ப உக்காருங்க. இங்க எந்தச் சாமானும் தானா நிக்காது தம்பி. கட்டிலுக்குச் செங்கல்லு, அம்மிக்குக் கல்லு, தண்ணிக் குடத்துக்குச் சும்மாடு. நாங்க பொறந்ததுலருந்து இப்படித்தான். எனக்கு வத்தலக்குண்டு பக்கம் போனா நடக்கவே வராது, தரையெல்லாம் செத்துக் கெடக்கிற மாதிரி இருக்கும்.

காப்பி குடிங்க மொதல்ல. மிஷின் எங்கயும் ஓடிறாது, அதுதான் செத்துப் போச்சே. அந்தா, தார்ப்பாய் போத்திக் கெடக்கு பாருங்க, சுவத்தோரம். நீங்க அதத் தொறக்குறதுக்கு முன்னால நான் ரெண்டு வார்த்த சொல்லிடணும். ஏன்னா மூணு மணிக்கு எங்க மகளிர் குழு பூராவும் இங்க வரப் போகுது. பன்னெண்டு பொம்பளைக. நீங்க என்ன சொல்றீகளோ அதுதான் தீர்ப்புன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டு உக்காந்திருக்காக. எண்ணெயினாலதான் இன்ஜின் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். சுந்தரவள்ளி பேரு குழுவுல இருந்து போயிரும், காளியம்மன் கோயில் மேடையில நின்னு எல்லாரு முன்னாலயும் "நாந்தான் கெடுத்தேன்"னு அவ சொல்லணும். எண்ணெயினால இல்லன்னா, உங்க கம்பெனி குடுத்த மிஷின் சொத்தை. அப்ப நீங்க வேற மிஷின் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு. மூணாவதா ஒண்ணு கெடையாது, சொல்லிப்புட்டேன்.

சுந்தரவள்ளி யாருன்னு கேக்குறீங்களா? வேற யாரு, என் ஓரகத்திதான். எங்க வீட்டுக்காரர் கூடப் பொறந்த தம்பி தவமணி இருக்காருல்ல, அவரு கட்டிக்கிட்டு வந்தவ. அந்தா தெரியுது பாருங்க, நீலக் கதவு, அதுதான் அவ வீடு. நான் இங்க தும்முனா அங்க கேக்கும். அவ பத்தாவது படிச்சவ. அதுதான் எல்லாத்துக்கும் காரணம். ஒண்ணுமே படிக்காம இருந்தா நல்லது, இல்ல பெரிய படிப்பா படிச்சுட்டு டவுனுக்குப் போயிடணும். இந்தப் பத்தாவது படிச்சதுக இருக்கே, ஊருக்குள்ளயே இருந்துக்கிட்டு நம்ம உசுர வாங்கும்.

நான் குழு ஆரம்பிச்ச காலத்துல இருந்து தலைவி தம்பி. பேரு பவுன்தாய், அந்த பாரத்துல எழுதிக்கங்க. இந்த மிஷின மலைக்குக் கொண்டாந்தது நான். எத்தன ஆபீசு, எத்தன படி. எங்க காடு எப்படின்னு வர்ற வழியில பாத்திருப்பீங்க. படி படியா, பாய் விரிச்ச அகலம்தான் ஒவ்வொண்ணும். மாடு பூட்டுனா திரும்ப எடம் இருக்காது. காலகாலமா மம்பட்டியால கொத்தியே பூண்டும் கேரட்டும் போட்டோம். கொத்திக் கொத்தி ஒவ்வொரு பொம்பளைக்கும் இடுப்பு போச்சு. அப்பத்தான் இந்த வீடர் மிஷினு. ரெண்டு கைப்பிடியப் புடிச்சுக்கிட்டுப் பின்னால நடந்தாப் போதும், மண்ண மாவாக்கிப் போடும். யாரு கொண்டாந்தா? நான் கொண்டாந்தேன்.

மிஷின் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும், இது வெளங்காதுன்னு. பூசை போட்டோம். இதே வாசல்லதான். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கணும்ல? "வள்ளி, நீ வையி"ன்னு ஆசையாத்தான் சொன்னேன். அவ வச்சா நிக்கல. உருண்டு போயிருச்சு. மறுபடி வச்சா, மறுபடி உருண்டு நேரா கேட்டோரச் சாக்கடைக்குப் போயிருச்சு. எல்லாரும் சிரிக்கிறாளுக. எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அப்புறம் நான்தான் கல்ல முட்டுக் குடுத்துப் பழத்த நிப்பாட்டுனேன். அவ கை ராசி அப்படி.

சரி, எண்ணெய்க் கதைக்கு வர்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுறாதீங்க. இது ஃபோர் ஸ்ட்ரோக்கு. மருந்தடிக்கிற மிஷின் மாதிரி பெட்ரோல்லயே எண்ணெயக் கலந்து ஊத்தக் கூடாது. பெட்ரோல் தனி, எண்ணெய் தனி. இன்ஜினுக்குள்ள எண்ணெய் நிக்கிற வயிறு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. பாருங்க, எல்லாம் தெரியும். எந்த எண்ணெய் நல்லதுங்கிறதுலதான் ஊரே ரெண்டாப் போச்சு.

நான் சொன்னது இருபது நாப்பதுன்னு நம்பர் போட்ட எண்ணெய். எங்க வீட்டுக்காரர் பைக்குக்கு அதுதான் ஊத்துறோம், பதினோரு வருசமா ஓடுது. கெட்டியா இருக்கும், வெரல்ல தொட்டா ஒட்டும். நல்லெண்ணெய் எப்படி, தேங்காயெண்ணெய் எப்படி? கெட்டியா இருந்தாத்தான உடம்புல நிக்கும்? ஜீப்பு ஓட்டுற சவரிமுத்து அண்ணன் டீசல் வண்டிக்கு ஊத்துறதையே ஊத்து, அதுதான் இரும்பத் தின்னாலும் தாங்கும்னாரு. வத்தலக்குண்டு கடைக்காரரு ஏதோ தங்கக் கலர் டப்பாவக் காட்டி, இத ஊத்துனா உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்னாரு. அவருக்கு வித்தாகணும், சொல்லுவாரு. ஆளுக்கு ஒண்ணு. இதுல இவ வர்றா, கையில மிஷினோட குடுத்த புஸ்தகத்த வச்சுக்கிட்டு. "அக்கா, இதுல பத்து முப்பதுன்னு போட்டிருக்கு. குளிரு ஊருக்கு இதுதான் ஊத்தணுமாம். கெட்டி எண்ணெய் காலங்காத்தால இன்ஜினுக்குள்ள ஏறாதாம்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பன்னெண்டு பேரு முன்னால. நான் தலைவி. "அந்தப் புஸ்தகம் எழுதுனவன் மேல்மலைக்கு வந்தானா, இல்ல எங்க குளிரப் பாத்தானா"ன்னு கேட்டேன். அவ புஸ்தகத்த மூடிட்டா. அதுவும் ஒரு திமிருதான். பதில் சொல்லாம மூடுறது.

நான் சொன்ன எண்ணெயத்தான் ஊத்துனோம். காலையில கயித்த இழுத்தா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, அது உண்மைதான். நாலு பேரு மாத்தி மாத்தி இழுக்கணும். வெயில் வந்து கொஞ்சம் சூடு ஏறுனா எடுத்துரும். அதுக்கு என்ன? எனக்குந்தான் காலையில எந்திரிச்சதும் முட்டி மடங்காது. அதுக்குன்னு என் ரத்தத்தையா மாத்துறாக?

அப்பத்தான் என் அண்ணன் பேத்திக்குக் காது குத்து, வத்தலக்குண்டுல. நாலு நாள் நான் ஊர்ல இல்ல. நாலே நாள்தான் தம்பி! இவ என்ன செஞ்சா தெரியுமா? எல்லாரையும் கூட்டி வச்சுப் பேசி, பழைய எண்ணெய வடிச்சு விட்டுட்டுப் பத்து முப்பது வாங்கி ஊத்திட்டா. அதுவும் எங்க வச்சு? இங்க இல்ல. மிஷினத் தள்ளிக்கிட்டுப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போயிருக்கா. அந்த ஏத்தத்துல நாலு பொம்பளைக தள்ளியிருக்காளுக. எதுக்குன்னா, அங்கதான் வாத்தியாருமாருக பாப்பாக. பத்தாவது படிச்சவ எண்ணெய் மாத்துறதப் பாக்க ஆளு வேணும்ல! மூடியில இருக்கிற எண்ணெய் அளவு பாக்குற குச்சிய எடுத்துத் தொடச்சு, வச்சு, எடுத்து, புஸ்தகத்துல இருக்கிற கோட்டோட வச்சுப் பாத்தாளாம். என்ன கூத்து.

நான் வந்தேன். மறுநாள் காலையில கயித்த இழுத்தா ஒரே இழுப்புல எடுத்துருச்சு. எல்லாளும் என் மூஞ்சியவே பாக்குறாளுக. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, மறைக்க என்ன இருக்கு.

அன்னிக்கே நான் மூடியத் தொறந்து பாத்தேன். அடப் பாவி! குச்சியில மேல் கோட்டுக்கும் மேல நிக்குது எண்ணெய்! இவ்வளவுதான் படிச்சவ லட்சணம். புஸ்தகத்துல மேல் கோட்டத் தாண்டக் கூடாதுன்னு படம் போட்டிருக்கு, படத்தப் பாக்க பத்தாவது கூட வேணாம். கூப்பிட்டுக் காட்டுனேன். "பாருடி உன் யோக்கியதய"ன்னேன். அவ முழிச்சா. "நான் அங்க பாக்கும்போது சரியா கோட்டுல இருந்துச்சேக்கா"ங்குறா. "அங்க இருந்த எண்ணெய் வர்ற வழியில குட்டி போட்டுச்சா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாளுக. அவளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

அப்புறம் நான்தான் ஒரு டம்ளர் எண்ணெய வடிச்சு, கோட்டுக்குச் சரியா நிப்பாட்டுனேன். ஆமா தம்பி, ஒரு டம்ளரு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? காப்பி டம்ளருதான், இதே டம்ளரு. கழுவிட்டேன், பயப்படாதீங்க. வடிச்ச எண்ணெயக் கீழ ஊத்த மனசு வருமா? பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கேன். கேட்டுக் கீலுக்கு அதத்தான் விடுறேன். நீங்க வரும்போது கேட்டு கிரீச்சுன்னுச்சா? இல்லல்ல? நல்ல எண்ணெய்தான், கீலுக்கு.

அதுக்கப்புறம் நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமே இந்த மூடியத் தொடுறது நான் ஒருத்திதான். வேற எவளும் கை வைக்கக் கூடாது. தெனமும் காலையில மிஷின் காட்டுக்குப் போறதுக்கு முன்னால, இதே வாசல்ல, இதே எடத்துல நிறுத்தி நான் பாப்பேன். எப்பவும் சுவத்தோரமாத்தான் நிறுத்துவேன், குச்சி இருக்கிற பக்கம் எனக்கு வசதியா கேட்டப் பாத்து இருக்கணும். குனிய வேணாம்ல. பாத்துட்டுச் சுவத்துல ஒரு கரிக்கோடு. அந்தா பாருங்க. எண்ணிப் பாருங்க, நாப்பத்தியொண்ணு. ஒரு நாள் தப்பல. காய்ச்சல் வந்து படுத்தப்பக் கூட கம்பளியப் போத்திக்கிட்டு வந்து பாத்தேன். நாப்பத்தியோரு நாளும் எண்ணெய் கீழ்க் கோட்டுக்குக் கீழ எறங்கவே இல்ல. ஒரு சொட்டு ஊத்த வேண்டிய வேலை வரல. அம்புட்டு பக்குவமா வச்சிருந்தேன். வேற ஊரு குழுவுல எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவ ஊத்துறாகளாம், கேட்டுப் பாருங்க.

இவளுக்குப் பொறுக்கல. ஒரு நாள் வந்து நிக்குறா. "அக்கா, இன்ஜின் ரொம்பச் சுடுது. சத்தமும் வேற மாதிரி இருக்கு. ஒரே ஒரு வாட்டி பள்ளிக்கூடத்து மைதானத்துக்குக் கொண்டு போய் வச்சுப் பாத்துருவோமா?" பாத்தீங்களா? மறுபடியும் பள்ளிக்கூடம்! மறுபடியும் வாத்தியாருமாருக முன்னால நான் மூடியத் தொறக்கணும், இவ பக்கத்துல நின்னுக்கிட்டுப் புஸ்தகம் படிக்கணும். குச்சிய எடுத்து அவ கண்ணு முன்னால நீட்டுனேன். "பாரு. நல்லாப் பாரு. எண்ணெய் இருக்கா, இல்லையா?" இருக்குக்கான்னா. "அப்புறம் என்னடி? மனுசன் பொய் சொல்லுவான், குச்சி பொய் சொல்லாது. சுடுதுன்னா உன் எண்ணெய் அப்படி. தண்ணி மாதிரி எண்ணெய வாங்கி ஊத்திட்டுச் சூடுங்குற"ன்னேன். திரும்பிப் போயிட்டா. ஒரே ஒரு தடவதான் கேட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.

அப்புறம் நாலாவது நாளு, அவ காட்டுல, அவ கையில இருக்கும்போதே போச்சு. எவ கையிலயும் போகல, அவ கையில போச்சு, கவனிச்சுக்கங்க. டமார்னு ஒரு சத்தம், நான் இங்க வாசல்ல நின்னுக்கிட்டிருக்கேன், எனக்கே கேட்டுச்சு. ஓடுன மிஷினு சட்டுன்னு புடிச்சு நின்னுருச்சு. கைப்பிடி ஒரு உலுப்பு உலுப்பி அவளத் தூக்கிக் கீழ்ப் படிக் காட்டுல போட்டுருச்சு. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. இப்பக் கட்டுப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் திரியுறா. பாக்குறவளெல்லாம் "அய்யோ பாவம், அய்யோ பாவம்". முறிஞ்சது கை மட்டுமா? என் மிஷின் முறிஞ்சதுக்கு எவளாச்சும் அய்யோ பாவம்னாளா?

நான் அன்னிக்குச் சாயந்தரமே கூட்டம் போட்டேன். அவள ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்து எறக்குன ஒரு மணி நேரத்துல. தள்ளிப் போட்டா எல்லாரும் எளகிருவாளுக, எனக்குத் தெரியும். "எண்ணெய மாத்துனது யாரு?"ன்னு கேட்டேன். "நாந்தான்"னா. "யாரக் கேட்டு மாத்துன?"ன்னேன். "கெட்டி எண்ணெய் இருந்த வரைக்கும் மிஷின் நின்னுச்சா?"ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, கட்டுப் போட்ட கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கொழுந்தன் வந்து, "மதினி, நாளைக்குப் பேசலாம், அவளுக்கு வலி தாங்கல"ன்னாரு. "ஆம்பளைக்கு இந்தக் கூட்டத்துல வேலை இல்ல"ன்னுட்டேன். அதுல இருந்து அவரு இந்தப் பக்கம் வர்றதில்ல. எங்க வீட்டுக்காரரும் எங்கிட்ட சரியாப் பேசுறதில்ல. சோறு போட்டா திங்குறாரு, அம்புட்டுத்தான். குழுவுல எவளும் அவ காட்டுக்கு, ஒருத்திக்கொருத்தி செஞ்சுக்கிற கை மாத்து வேலைக்குப் போகக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன், தீர்ப்பு வர்ற வரைக்கும். அவ கேரட்டுக் காட்ட வர்ற வழியில பாத்தீங்களா? களைதான் தெரியும். ஒத்தக் கையால புடுங்கிக்கிட்டு இருக்கா. புடுங்கட்டும்.

இப்பப் போய்ப் பாருங்க. தார்ப்பாய எடுங்க. நான் எடுக்குறேன், நீங்க விடுங்க.

பாத்தீங்களா, பக்கவாட்டுல ஓட்டை. உள்ள இருக்கிற இரும்பே முறிஞ்சு வெளிய எட்டிப் பாக்குது. என்னது, கருகியிருக்கா? கருகத்தான் செய்யும், தண்ணி எண்ணெய் ஊத்துனா. என்ன, எண்ணெயில கோளாறு இல்லையா? நீங்க மோந்து பாத்தா ஆச்சா? அந்தப் பாட்டில்ல மிச்சம் இருக்கு, அதையும் பாருங்க. சரியான எண்ணெயா? இந்த இன்ஜினுக்கு, இந்தக் குளிருக்கு, இதுதானா? யாரு சொன்னா, புஸ்தகமா? உங்களுக்கும் புஸ்தகந்தானா! அப்ப மிஷின் சொத்தை. சொல்லுங்க, மிஷின் சொத்தைன்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு எழுதுங்க.

எண்ணெய் பத்தலையா? பத்தாம ஓடியிருக்கா? என்ன பேசுறீங்க நீங்க? நாப்பத்தியோரு நாள் பாத்திருக்கேன், சுவத்தப் பாருங்க! கோட்டுக்குக் கீழ எறங்கல எண்ணெய். நானே பாத்தேன், என் ரெண்டு கண்ணால. எங்க வச்சுப் பாத்தேனா? எத்தன தடவ சொல்றது, இங்கதான். நீங்க நிக்கிற எடத்துலதான். எப்படி நிறுத்துவேன்னா, இப்ப எப்படி நிக்குதோ அப்படித்தான், சுவத்தோரமா, குச்சி கேட்டப் பாத்து.

ஏந்தம்பி, எலுமிச்சம்பழத்த எதுக்குத் தரையில வைக்கிறீங்க? அது சாப்புடுற சாமான், எடுங்க.

உருளுது. உருளத்தான் செய்யும். இந்த வாசல்ல எது நிக்கும்? கேட்டப் பாத்துத்தான் உருளும், எப்பவும் அப்படித்தான். அன்னிக்குப் பூசையிலயும் அங்கதான் போச்சு. தண்ணி ஊத்துனாலும் அங்கதான் போயி நிக்கும், அந்த மூலையில.

எண்ணெயுமா?

இருங்க. நீங்க பேசாதீங்க, ஒரு நிமிசம் பேசாம இருங்க. எண்ணெயும் அந்தப் பக்கமாப் போயி நிக்கும். குச்சி இருக்கிற பக்கம். அதனால குச்சியில கோடு வரைக்கும் இருக்கும், சுவத்துப் பக்கம் ஒண்ணும் இருக்காது. அவ சமதரையா இருக்கிற மைதானத்துல பாத்தப்பக் கோட்டுல இருந்துச்சு, இங்க வந்தா கோட்டுக்கு மேல. குட்டி போடல. அது குட்டி போடல. நான் ஒரு டம்ளர வடிச்சேன். அதுக்கப்புறம் ஓட ஓடக் கொறையிறது எனக்குத் தெரியல.

நாற்காலிக்குக் கட்டை வைக்கத் தெரிஞ்சுச்சு எனக்கு. அம்மிக்குக் கல்லு வைக்கத் தெரிஞ்சுச்சு. ச்சே.

தம்பி, ஒண்ணு செய்யிறீங்களா? நீங்க சின்னப் புள்ள, உங்களுக்கு என்ன வந்துச்சு. எண்ணெயினாலதான்னு எழுதிட்டுப் போயிருங்களேன். எண்ணெயினாலதான? பொய் இல்லையே. எண்ணெய் கம்மிங்கிறதும் எண்ணெய்தான? அய்யோ, அப்படிப் பாக்காதீங்க. சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா?

வர்றாளுக. சத்தம் கேக்குதுல்ல, படியில. மூணு மணிக்குன்னா மூணு மணிக்கு வந்துருவாளுக, வேற எதுக்கும் வர மாட்டாளுக. அந்தா வர்றா பாருங்க, கடைசியில, கட்டோட. அவள யாரு முன்னால வரச் சொன்னாலும் வர மாட்டா, கடைசியிலதான் வருவா. கையப் பாருங்க, இன்னும் வீங்கித்தான் இருக்கு.

நீங்க பேசாதீங்க தம்பி. நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. என் குழு, நான் பேசிக்கிறேன்.

வாங்கடி, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க. கேட்டத் தொறந்தே வைங்க. ஏய் வள்ளி, இங்க வா. முன்னால வா. ஏண்டி, உனக்கு அறிவு இருக்கா? பத்தாவது படிச்சேல்ல? அன்னிக்கு எங்கிட்ட வந்து பள்ளிக்கூடத்து மைதானத்துல வச்சுப் பாப்போம்னு கேட்டேல்ல? ஒரு தடவ கேட்டா ஆச்சா? நான் வைவேன்னு உனக்குத் தெரியாதா? இத்தன வருசமா நான் வையிறதக் கேட்டுக்கிட்டுத்தான இருக்க? நான் வஞ்சா நீ போயிருவியா? என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்க வேணாம்? சமதரையில வச்சுப் பாத்தாத்தான்டி குச்சி உண்மையச் சொல்லும்னு என் செவுட்டுல அறைஞ்சு சொல்லியிருக்க வேணாம்? ஒரு டம்ளர வடிச்சேனே, அன்னிக்காச்சும் என் கையத் தட்டி விட்டிருக்க வேணாம்? எல்லாத்தையும் செஞ்சவ நானு, தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தவ நீ. நல்லா இருக்குடி நாயம். என்னடி முழிக்கிற? நீங்கள்லாம் என்னடி முழிக்கிறீங்க? வெளங்கலையா? நாந்தான் கெடுத்தேன். அந்தத் தம்பியக் கேளுங்க, இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது. மேடைக்கும் வர்றேன், நாளைக்குக் காலையில. இப்ப என்ன சும்மா விடுங்க.

அழுவாத வள்ளி. அழுதா எனக்குக் கோவம் வரும். உக்காரு. ஏய், அங்க உக்காராத, அது சாயும். இரு, கட்டைய வைக்கிறேன்.